உன் இடது கையாக இருந்தவன்

நேற்று மத்தியானம் என் போன் ரிப்பேர் கடையில் ஒரு பழைய போனுக்குச் சார்ஜிங் பின் மாற்றிக்கொண்டிருந்தேன். சால்டரிங் முனையை ரோசின் கட்டியில் ஒரு தொடு தொட்டதும் புகை எழுந்து மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். போனைக் கொடுத்த அம்மா என் முகத்தைப் பார்த்து, "இன்னாபா, கண்ல பொகை பட்டுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய் எனக்கு எப்போதுமே கைவந்த கலை. அதைப் பற்றித்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எலக்ட்ரானிக்ஸ் கடை ரோசினும், உன் சீன வாத்தியமான எர்ஹுவின் வில்லுக்குப் பூசுகிற ரோசினும் ஒரே பைன் மரத்துப் பிசின்தான் என்று கண்டுபிடித்தவன் நீ. உனக்கு அதைச் சொல்லித்தந்த சீனாக்காரர் கொடுத்த கட்டி தேய்ந்து தீர்ந்தபோது, திருப்பதியில் இதே தெருவில்தான் வாங்கினோம். வில்லின் முடி கொஞ்சம் பிசுபிசுத்தது. "பர்வாலேதுரா, கம்பி பேசுதில்ல" என்றாய்.

ரேணிகுண்டாவில் அப்போது நாம் வேலை பார்த்த கம்பெனிக்கு மெஷின் பொருத்த வந்த இன்ஜினியர் அவர். சாயங்காலம் கெஸ்ட் ஹவுஸ் மாடியில் தனியாக உட்கார்ந்து அதை வாசிப்பார். நாங்களெல்லாம் பூனை கத்துகிறது என்று சிரித்த கூட்டம். நீ ஒருவன்தான் படியேறிப் போய் நின்று கேட்டாய். அவர் போனில் சீன மொழியில் பேச, போன் அதைத் தெலுங்கில் சொல்ல, நீ தலையை ஆட்ட, இப்படியே ஆறு மாதம் கற்றுக்கொண்டாய். ஊருக்குத் திரும்பும்போது வாத்தியத்தை உன்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

நீளமான ஒரு தண்டில் இரண்டே கம்பி. கீழே கைக்கு அடக்கமான பெட்டி, அதன் முகத்தில் மலைப்பாம்புத் தோல். வில்லின் முடி இரண்டு கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். வயலினில் இருப்பதுபோலக் கம்பிக்கு அடியில் பலகை கிடையாது, அதனால் விரல் அந்தரத்தில் கம்பியை மட்டும் தொட்டு நிற்க வேண்டும். அதற்கான இடது கைப் பயிற்சியை நீ எங்கே வேண்டுமானாலும் செய்வாய். தண்ணீர் பாட்டிலின் கழுத்தில், பஸ் கம்பியில், பேசிக்கொண்டே என் முழங்கையில். "ஒண்ணு வெச்சா எடுக்கக் கூடாது. அது நிக்கசொல்ல ரெண்டு, அப்பறம் மூணு, நாலு. எறங்கசொல்ல நாலுலேர்ந்து." எனக்குத் தூக்கம்தான் வரும்.

அந்த வெள்ளிக்கிழமை சித்தூரில் ஒரு பெரிய நடிகரின் படம் வந்தது. முதல் நாள் முதல் ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைத்திருந்தது. எனக்கோ காலை ஷிப்ட், லீவு கேட்டால் கிடைக்காது. முந்தின நாள் ராத்திரி நீ இரண்டாம் ஷிப்ட் முடித்து நம் அறைக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "மச்சான், நைனாவுக்கு நெஞ்சு வலியாம். கார்வேட்டிநகரம் போய்ட்டு வந்துர்றேன். காலைல என் மெஷின நீ பாத்துக்கோ" என்று என் அப்பாவைச் சாக்கு வைத்துச் சொன்னேன். முகத்தை எப்படி வைத்துக்கொண்டேன் என்பது இன்னும் நினைவிருக்கிறது. "மொதல்ல நைனாவப் பாரு, ஷிப்ட்டு கெடக்குது" என்று சொல்லி உன் வண்டிச் சாவியையும் எடுத்துக் கொடுத்தாய்.

உன் வண்டியில்தான் தியேட்டருக்குப் போனேன். இடைவேளையில் பாப்கார்ன் வாங்க நிற்கும்போது போன் வந்தது. சரியாகத் தூங்காமல் என் மெஷினில் நின்ற உன் இடது கையைத் தகடு அழுத்தும் பிரஸ் பிடித்துவிட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. மோதிர விரலில் பாதி மிஞ்சியது. ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் நீ என்னைக் கேட்ட முதல் கேள்வி, "நைனா எப்டி கீறாரு?"

"பர்வால்ல" என்றேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உன் கையில் இருந்த கட்டின் கனத்தைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் பலமனேரில் உன் அம்மாவோடு இருந்துவிட்டுத் திரும்பி வந்தாய். கம்பெனி உன்னை ஸ்டோரில் உட்காரவைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எர்ஹுவை உறையிலிருந்து எடுத்து என் எதிரே வைத்தாய். "எனுக்கு வலது கை கீது. உனுக்கு இடது கை கீது. வாடா, பாப்போம்" என்றாய். நீ விளையாடுகிறாய் என்றுதான் நினைத்தேன்.

என்னைக் கூப்பிட்டு முழங்கையைப் பெட்டியின் மேல் ஊன்றச் சொன்னாய். கையைத் தண்டோடு நிமிர்த்தினால் சுண்டு விரல் எங்கே எட்டுகிறதோ அங்கேதான் கம்பிகளைத் தண்டோடு சேர்த்து நூல் கட்ட வேண்டும். ஒவ்வொருவர் கைக்கும் ஒவ்வோர் அளவு. அதுவரை அது உன் கை அளவுக்குக் கட்டியிருந்தது. வலது கையால் வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு, இடது கையில் மிச்சமிருந்த கட்டை விரலாலும் சுண்டு விரலாலும் அந்த முடிச்சை நீயே அவிழ்த்தாய். நான் உதவ வந்தால் தட்டிவிட்டாய். என் கை உன்னுடையதைவிடக் குட்டை, நூல் இரண்டு விரற்கடை கீழே இறங்கியது. "ம்ம், குள்ளப்பயலே" என்றாய். நான் எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

முதல் மாதம் முழுக்க வில்லே கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு ஒன்றும் மூன்றும், இரண்டும் நான்கும் மாறி மாறி. பிறகு கையையே கம்பியில் கீழே நகர்த்தி, அங்கேயும் அதே கணக்கு. விரல் நுனி சிவந்து, வெடித்து, காய்த்தது. வலிக்க வலிக்க எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதை இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன். தண்டனை அனுபவிக்கிறவன்போலத்தான் பயிற்சி செய்தேன்.

நீ உன் நாற்காலியில் எர்ஹுவைத் தொடையில் வைத்து உட்காருவாய். நான் பின்னால் ஸ்டூல் போட்டு, உன் இடது அக்குளுக்குக் கீழே கையை விட்டுத் தண்டைப் பிடிப்பேன். வில் உன்னுடையது, விரல் என்னுடையது. வீட்டுக்கார அம்மா மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "அய்யோ ராமா, இதேமிட்ரா இது! ஒட்டிப் பொறந்த கொழந்தையாட்டம் கீறீங்க" என்று வயிறு வலிக்கச் சிரித்தார். நீயும் சிரித்தாய். நீ சிரித்தால் என் தோள் குலுங்கும், அவ்வளவு நெருக்கம்.

சத்தம்தான் சகிக்கவில்லை. ஒவ்வொரு சுரமும் ஒரு மயிரிழை மேலே ஏறிப் புளித்தது. நான் இன்னும் பலமாக அழுத்துவேன், அது இன்னும் ஏறும். ஒருநாள் நீ வில்லை நிறுத்திவிட்டாய். "அமுக்காதடா. அடில பலகை இல்ல. நீ அமுக்க அமுக்க சுருதி ஏறிக்கினுதான் போவும். தொட்டாப் போதும்." சரி என்றேன். மறுபடி அழுத்தினேன். "யாரு மேலடா உனுக்குக் கோவம்?" என்று கேட்டாய். அதுதான் எனக்குக் கிடைத்த நல்ல சந்தர்ப்பம். வாயைத் திறந்தேன். "டீ துன்னுட்டு வர்லாமா?" என்றேன். டீயை யாராவது துன்னுவார்களா என்று நீ வாரம் முழுக்க என்னை ஓட்டினாய்.

மூன்று வருடம். ஒரே ஒரு சின்னப் பாட்டு, அந்தச் சீனாக்காரர் ஊரில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, அதைத்தான் முழுதாக வாசித்தோம். பலமனேரில் உன் வீட்டில், பால்காரர் வந்து நிற்க, உன் அம்மா கேட்டார். "இன்னொரு வாட்டி" என்றார். இரண்டாம் முறை வாசிக்கும்போது என் விரல் எதையும் அழுத்தவில்லை. நான் அன்றைக்கு எல்லாவற்றையும் மறந்திருந்தேன் போல.

போன மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் அணுக்கள் இறங்கிக்கொண்டே போவதாகச் சொன்னார்கள். நான்காம் நாள் மத்தியானம் நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது விழித்திருந்தாய். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தேன். நீ முந்திக்கொண்டாய். "பயிற்சி பண்ணியா?" பண்ணினேன் என்றேன். அந்த வாரம் நான் வாத்தியத்தைத் தொடவே இல்லை. "காட்டு" என்று இடது முன்கையைத் திருப்பி வைத்தாய். உன் தோல் சுட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விரல்களை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவன்போல இருந்துவிட்டு, "நாலாவது வெரல் இன்னும் அமுக்குது" என்றாய். நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னார். மறுநாள் விடிந்தபோது நீ இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு என் நைனாவும் பலமனேர் வந்திருந்தார். சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டு, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். "நல்ல புள்ளடா. கைல அம்மாம் பெரிய கட்டோட ஒருநாள் வூட்டுக்கு வந்தான். சப்போட்டா வாங்கிக்கினு வந்தான். நெஞ்சு வலி எப்டி கீது நைனான்னு கேட்டான். எனுக்கு இன்னாபா நெஞ்சு வலி, குண்டுக்கல்லாட்டம் கீறேன்னு சொன்னேன். சப்போட்டாவ ஒண்ணு ஒண்ணா எடுத்துத் தட்டுல அடுக்கினான். அப்பறம் சிரிச்சான். கொழம்பு ஊத்திக்கினு ரெண்டு தடவ துன்னான். நான் வந்தத அவன்கிட்ட சொல்லாதீங்க, ஃபீல் பண்ணுவான்னு சொல்லிட்டுப் போனான்."

கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன். நைனாதான் குழாயை மூடினார்.

ஆக, கட்டோடு இருந்த அந்த இரண்டு மாதத்திலேயே உனக்குத் தெரியும். தெரிந்துதான் திரும்பி வந்தாய். தெரிந்துதான் உன் நூலை அவிழ்த்து என் கைக்குக் கட்டினாய். மூன்று வருடம் உன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, உன் முகம் எனக்குத் தெரியாமல், என் முகம் உனக்குத் தெரியாமல் வாசித்தோம். அப்படி உட்காரச் சொன்னவன் நீதான். வேறு மாதிரியும் உட்கார்ந்து பார்த்திருக்கலாம், நீ ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை.

எனக்கு உன் மேல் கோபம்டா. சட்டையைப் பிடித்து ஒரு அறை விட்டிருக்கலாம். ஒரே ஒரு தடவை, "படம் எப்டி இருந்துச்சு?" என்று கேட்டிருக்கலாம். நான் உடைந்து அழுது, உன் காலைப் பிடித்து, ஒருவழியாக முடிந்திருக்கும். நீ மன்னித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டாய். நான் கேட்காமல் கிடைத்த அந்த மன்னிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எர்ஹுவை உன் அம்மா என்னிடமே கொடுத்தார். வில் பிடிக்க எனக்கு வராது, கற்கவும் மனமில்லை. காலையில் கடை திறக்கும் முன் கால் மணி நேரம் இடது கைப் பயிற்சியை மட்டும் செய்கிறேன். வில் இல்லாததால் எந்தச் சத்தமும் இல்லை. சுருதி சரியா என்று சொல்ல ஆளும் இல்லை. நான்கு விரலும் அதனதன் இடத்தில் போய் நிற்கின்றன, உனக்காகக் காத்திருப்பதுபோல.

மச்சான், அன்னிக்கு எங்க நைனாவுக்கு ஒண்ணும் இல்ல. நான் சித்தூர்ல படம் பாத்துக்கினு இருந்தேன். உன் வண்டிலதான் போனேன். உனக்குத் தெரியும்தான். ஆனால் என் வாயால் சொல்லி நீ கேட்டதில்லை.