ரயில் பாதையில் நம் காம்பரா

என்னங்க,

அவிசாவளையோடு நின்றுவிடும் கொழும்பு ரயில் இரத்தினபுரி வரைக்கும் வரப்போகிறது, இனிச் சனிக்கிழமை தோறும் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று துள்ளிக் குதித்து எழுதியிருந்தீர்கள். எந்த வீட்டுக்கு?

பாதை நம் காம்பரா இருக்கும் இந்த லயத்து வீட்டு வரிசையின் மேல்தான் போகிறது. நேற்று அளக்க வந்தவர்கள் நம் கதவில் சிவப்பு மையால் இலக்கம் போட்டார்கள். செக்ரோலில், அதுதான் தோட்டத்து வேலையாட்கள் பதிவேட்டில், பெயர் உள்ள தொழிலாளர் குடும்பங்களுக்கு மட்டும் தோட்டம் வேறு வீடு கொடுக்குமாம். கணக்கப்பிள்ளை பட்டியலைப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

“ஒங்க வீட்டுக்காரருதான் கொழும்புத் தொரையாச்சே. பேர வெட்டச் சொல்லி அவரே எழுதிக் குடுத்துட்டாரு. நீங்க இங்க விருந்தாளிங்கம்மா.”

வேலை செய்யும் கடையில் தோட்டத்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்றுதானே வெட்டினீர்கள்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? பாப்பாவுக்கு இன்னும் பல்கூட முளைக்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போய் நிற்பது?

அதனால் இன்று காலை செக்ரோலில் என் பெயரைப் பதிந்துவிட்டேன். கல்லூரியில் படித்து டீச்சர் வேலைக்குக் காத்திருந்த கையில் ரப்பர் பால் வெட்டும் கத்தியைக் கொடுத்திருக்கிறார்கள். நாளை முதல் நான் வேலை முடித்து வரும்வரை, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் பாப்பா கிடப்பாள்.

புது வீடு என் பெயரில்தான் வரும். ரயிலில் வந்தாலும் பஸ்ஸில் வந்தாலும் வாசலில் நின்று கூப்பிடுங்கள். திறப்பதா வேண்டாமா என்று அப்போது பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா