கண்மாயில் கிடந்த சைக்கிள் பம்பு

என் மாப்ளே செல்வத்துக்கு,

அங்கே வெயில் எப்படி? இங்கே ராஜபாளையத்தில் கண்மாய் வற்றிவிட்டது. பயலுகளோடு கெளுத்தி பிடிக்கச் சேற்றில் இறங்கினேன். மீன் சிக்கவில்லை. போன வருசம் நீ வீசிய சாக்குப் பொட்டலம் சிக்கியது.

எதிர்த்தெருவோடு நடந்த சண்டைக்குப் பயந்துதானே மலையடிவாரத்தில் ஆளுக்கொரு நாட்டுத் துப்பாக்கி வாங்கினோம். வாங்கின பொறவு பயம் கூடத்தான் செய்தது. இடுப்பில் அதை வைத்துக்கொண்டு அம்மா முன்னால் உட்கார்ந்து சோறு தின்ன முடியவில்லை. "தூக்கிப் போட்டுருவோம்லே" என்று சொன்னதே நீதான். சாக்கில் சுற்றி என்னுடையதை நான் வீசினேன், உன்னுடையதை நீ. அன்றைக்கு எம்புட்டு லேசாக வீட்டுக்கு நடந்தேன் தெரியுமா?

பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே உங்கப்பாவின் சைக்கிள் பம்பு.

அந்தப் பம்பைச் சுட்டது நான்தான் என்று மாமா தெரு முழுக்க என்னை ஏசினார். நீ பக்கத்தில் நின்று சிரித்தாய். ஊரையே ஏமாற்றித் திரிந்தவன் நான். கடைசியில் ஏமாந்தவனும் நான்தானா?

சைக்கிளில் போகும்போது உன் இடுப்பில் இருந்த துப்பாக்கியே வெடித்து உன் உயிர் போய்விட்டது என்று போலீஸ்காரர்கள் சொன்னார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் நான்தான் சண்டைக்குப் போனேன்: "பொய். அவன் கண்மாயில் போட்டதை என் கண்ணால பாத்தேன்."

பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தெரு என் பேச்சை நம்பியது. எதிர்த்தெரு ஆட்கள்தான் உன்னைச் சுட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நம்ம கூட்டாளிகள் நாலு பேர் நாளைக்கு மலையடிவாரம் போகிறார்கள். எனக்கும் ஒன்று சொல்லி வைத்திருக்கிறார்களாம், உனக்காக.

ஏன்லே? "அதத் தூக்கிப் போட பயமா இருக்கு" என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? நானும் பயந்தவன்தானே. உன் கை வெறுங்கை என்று நம்பித்தான் என் கையும் வெறுங்கையாக இருந்தது.

"எம்புள்ள வெறுங்கையோட போனான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் அத்தை சொல்லுதாவ. என் வாயிலிருந்து போன வார்த்தை அது. உங்கம்மாவிடமிருந்து அதை எப்படிப் பிடுங்க?

சாயங்காலம் பயலுகள் உங்கள் வீட்டு வாசலில் கூடுகிறார்கள். பம்பைக் கழுவி வைத்திருக்கிறேன். அத்தை கையில் கொடுத்துவிட்டு, எல்லோர் காதிலும் விழ நடந்ததைச் சொல்லப்போகிறேன். நான் விளையாடுகிறேன் என்று நினைப்பார்கள். சிரிக்கட்டும். நம்புகிற வரைக்கும் சொல்லுவேன், அடித்தாலும் சொல்லுவேன்.

உன்மேல் கோபம் தீரவில்லை, மாப்ளே. ஆனால் உன் பேரைச் சொல்லி இன்னொருத்தன் இடுப்பில் அது ஏற விடமாட்டேன்.

இன்னமும் வெறுங்கையோடு நிற்கும்
உன் மச்சான் பாண்டி