கப்பலுக்கு நேர்ந்துகொண்ட முடி

இன்று காலையில் உன்னால் எனக்கு ஒன்பது தும்மல். வேலையில் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டப் புதிதாக ஒரு வாய்த்துணி கிழிக்கலாம் என்று டிரங்குப் பெட்டியில் பழைய சேலை தேடினேன். அடியில் உன்னுடைய துணி அகப்பட்டது. நீலக்கட்டம் போட்டது, இரண்டு முனையிலும் நீ போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது. உதறினேன், அவ்வளவுதான். மூன்று வருஷம் ஆகியும் நிலாவாரை இலைத் தூசி பறந்து மூக்கில் ஏறிவிட்டது.

தும்மினால் 'நூறு' என்று வாழ்த்துவார்களே, இலையைச் சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் நாம் நாற்பது பெண்களும் தும்மிய தும்மலுக்கு, "நம்ம எல்லாருமே ஆயிரம் வருசம் இருப்போம்ளா" என்பாய். நீ முப்பதைக்கூட எட்டிப் பார்க்கவில்லை.

காலையில் சாக்கு விரித்து உட்கார்ந்தால் பொழுது சாய எழுந்திருப்போம். குவியலிலிருந்து காம்பையும் பழுப்பையும் பொறுக்கி எறிய வேண்டும். நல்ல இலையைப் பொதியாகக் கட்டி வள்ளத்தில் ஏற்றி, கரைக்கு வர முடியாமல் நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். எதற்காக இந்த இலை என்று நீதான் மேஸ்திரியிடம் கேட்டாய். சீமையில் மலச்சிக்கலுக்குக் குடிக்கிறார்கள் என்றார். "நம்ம வயிறு காஞ்சு கெடக்கு, அவிய வயிறு எளகணுமாக்கும்" என்று நீ சொன்னதில் துணிக்குள்ளேயே எல்லோரும் சிரித்துப் புரையேறிப் போனோம்.

உலகச் சண்டைக்கு முன்னால் நம் வயிறு அப்படிக் காயவில்லை. மத்தியானம் ஒரு பெரிய செப்பு அண்டாவில் கஞ்சி வரும். பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில் வாங்கி, துவையலைத் தொட்டுக்கொண்டு குடிப்போம். சண்டை வந்து கப்பல் நின்றதும் அண்டா பரண் ஏறியது. "மொதலாளிக்கே நட்டம். கப்பல் ஓடட்டும்ளா, ஓடுன மறுநாளே கஞ்சி ஊத்துதோம்" என்றார் மேஸ்திரி. நியாயந்தானே என்று தலையாட்டினோம். முதலாளியை நினைத்துப் பரிதாபப்பட்டவர்கள்கூட நம்மில் உண்டு. அதை நினைத்தால் இப்போது எனக்கு என் தலையிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

உனக்கு முதல் இரண்டு பிள்ளையும் தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருந்தபோது, பகலில் ஒரு வாய் உள்ளே போகாமல் இரண்டு தடவை இலைக் குவியல்மேல் மயங்கி விழுந்தாய். மூன்றாம் நாள் தெளிந்த முகத்தோடு வந்து, செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டதாகச் சொன்னாய். கப்பல் வந்தால் முடி இறக்குவதாக வேண்டுதல். உன் முடியா! உட்கார்ந்தால் சாக்கில் புரளுமே. ஒரு முடி இலையில் கிடந்தாலும் சீமைக்காரன் பொதியைத் திருப்பி அனுப்பிவிடுவான் என்று மேஸ்திரி தினமும் கத்துவாரே, அந்த முடியா!

"மொதலாளி கப்பலுக்கு நீ எதுக்குளா மொட்ட போடணும்?" என்று கேட்டேன்.

"கப்பல் அவியளுது. கஞ்சி நம்மளுதுல்லா" என்றாய்.

கப்பல் வந்தது. நான் அஞ்சாம் வகுப்பு படித்தவள் என்பதால் பொட்டலம் கட்டிவந்த பத்திரிகைத் தாளைக்கூட என்னிடந்தான் நீட்டுவீர்கள். அப்படி வந்த ஒரு தாளில், சண்டையில் படுத்த வியாபாரம் எழுந்துவிட்டது, துறைமுகத்தில் பழையபடி ஏற்றுமதி, நாட்டுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று போட்டிருந்தது. குரலை உயர்த்தி வாசித்தேன். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். அன்றைக்கு நான் வாசித்ததற்கு என் நாக்கில் சூடு போடலாம்.

அடுத்து இரண்டு நாள் சேர்ந்து லீவு கிடைத்ததும் நீயும் நானும் செந்தூருக்கு நடந்தோம். ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோது, கடைசியாக ஒரு தடவை முடியை அவிழ்த்துவிட்டு எனக்குக் காட்டினாய். போய்ச் சேர்ந்து, மொட்டையில் சந்தனம் பூசி, "தல காத்து வாங்குதுளா" என்று தடவித் தடவிச் சிரித்தாய். எனக்குத்தான் அழுகை வந்தது. உன் வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்க உன்னோடு பேசவில்லை.

மறுநாள் கஞ்சி இல்லை. அந்த வாரமே இல்லை. அதற்கு அடுத்த வாரம் மேஸ்திரி பரணிலிருந்து அண்டாவை இறக்கி உன் முன்னால் போட்டு, "பளபளன்னு வெளக்கி வையி" என்றார். எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. புளியும் சாம்பலும் போட்டு, அஞ்சு மாத வயிற்றோடு குனிந்து தேய்த்தாய். உன் மொட்டைத் தலை அதில் தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். மறுநாள் நாற்பது பேரும் பனையோலை கொண்டுவந்திருந்தோம். உனக்கும் எனக்கும் சேர்த்து இரண்டு பட்டை நான் கட்டினேன்.

முற்றத்தில் நாற்காலி போட்டிருந்தது. துறைமுக ஆபீசர்களும் வியாபாரிகளும் வந்தார்கள். நம்மைப் பின்பக்கம் இலைக் குவியலோடு உட்காரச் சொன்னார்கள். அண்டா நடுவில் இருந்தது, நிறைய எலுமிச்சம்பழச் சர்பத். முதலாளி எழுந்து, "நம்ம வியாபாரம் மீண்டு வந்தாச்சு. இது எனக்கு மட்டும் வந்த நன்மை இல்ல, நம்ம எல்லாருக்கும் வந்த நன்மை" என்று பேசினார். எல்லாருக்கும்! நாற்பது பட்டை மடியில் காய்ந்துகொண்டிருக்கிறது, அவர் வாயில் எல்லாருக்கும்!

நீ வாய்த்துணியை அவிழ்த்து என் மடியில் போட்டுவிட்டு எழுந்தாய். இழுத்தேன், நீ நிற்கவில்லை. பட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே போய் நின்றாய்.

"மொதலாளி, கப்பல் வந்துட்டுல்லா? கஞ்சி எப்பம் ஊத்துவிய?"

உன் குரலில் கோபமே இல்லை. மறந்துபோயிருப்பார், ஞாபகப்படுத்தினால் ஊற்றிவிடுவார் என்றுதான் நினைத்தாய்.

வந்தவர்களில் ஒருவர் யார் இந்தப் பெண் என்று கேட்டார். உன்னைப் பன்னிரண்டு வருஷமாகத் தெரிந்த மேஸ்திரி, "யாரோ கோயில் பிச்சக்காரி, அய்யா. மொட்டயப் பாத்தா தெரியல?" என்றார். முதலாளி பெரிய மனசு பண்ணி ஒரு குவளைச் சர்பத்தை உன் பட்டையில் ஊற்றச் சொன்னார். நீ அதைச் சிந்தாமல் சிதறாமல் திரும்ப அண்டாவிலேயே ஊற்றிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாய்.

அவள் பிச்சைக்காரி இல்லை, உங்கள் கிட்டங்கியில் இலை பொறுக்குகிறவள், உங்கள் கப்பலுக்காக முடியைக் கொடுத்தவள் என்று சொல்ல அங்கே நாற்பதில் ஒருத்தி குறைய அத்தனை பேர் இருந்தோம். ஒருத்தியும் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை. வாயில் துணி கட்டியிருந்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

மறுநாளிலிருந்து உனக்கு அங்கே வேலை இல்லை என்றார்கள். உப்பளத்துக்குப் போனாய். ஏழாம் மாதத்தில், உச்சி வெயிலில், தலையில் உப்புப் பெட்டியோடு விழுந்தாய். இரண்டு நாள் கிடந்தாய். பிள்ளையும் போய், நீயும் போனாய். விதி என்று உன் வீட்டில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அந்த வாரமும் துறைமுகத்தில் இரண்டு கப்பல் நின்றது. உன்னைத் தூக்கிக்கொண்டு போகும்போது கப்பல் சங்கு ஊதியது எனக்கு நன்றாகக் கேட்டது.

பிறகு சுதந்திரமும் வந்தது. கொடியேற்றி ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார்கள். கிட்டங்கிக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், தகரக் கூரையை மாற்றினார்கள், முதலாளி வீட்டுக்கு மாடி எழும்பியது. பத்திரிகையில் நாடு நிமிர்ந்தது, நிமிர்ந்தது என்று இப்போதும் வருகிறது. எங்களில் ஒருத்தியின் முதுகும் நிமிர்ந்ததை நான் பார்க்கவில்லை. இப்போது நான் யாருக்கும் வாசித்துக் காட்டுவதும் இல்லை.

நேற்று மேஸ்திரி மறுபடியும் வந்து நின்றார். சீமையில் இலைக்குக் கிராக்கி குறைந்துவிட்டதாம். "வாரத்துல ரெண்டு நாள் வேல கெடையாது. கொஞ்ச நாள் பொறுத்துக்கிடுங்க. கப்பல் வரணும்னு சாமியக் கும்பிடுங்களா" என்றார். என் பக்கத்தில், உன் இடத்தில் உட்காருகிற புதுப்பெண் மெதுவாக என் காதில், "யக்கா, செந்தூருக்கு முடி நேந்துகிடட்டா?" என்றாள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்துவிட்டேன்.

"அண்ணாச்சி, போன தடவ மொட்ட நாங்க போட்டாச்சு. இந்தத் தடவ மொதலாளியப் போடச் சொல்லுங்க."

யாரோ துணிக்குள் சிரித்தாள். பிறகு இன்னொருத்தி. மேஸ்திரிக்கு முகம் கறுத்துவிட்டது. "திங்கக்கெழம பேசிக்கிடுதேன் ஒன்ன" என்றார். அவர் தலைக்கு மேலே பரணில் அண்டா கவிழ்ந்து கிடந்தது. அதைக் காட்டி, "பேசுங்க. வரும்போது அத எறக்கி வைங்க. கஞ்சிக்குன்னா நானே வெளக்குதேன்" என்றேன்.

இன்று ஞாயிறு. துணியைத் தேடித்தான் பெட்டியைத் திறந்தேன், உன்னுடையது கிடைத்தது. அதை மடித்துத் திரும்ப உள்ளேயே வைத்துவிட்டேன். புதிதாக ஒன்றும் கிழிக்கவில்லை. தும்மல் வந்தால் வரட்டும். சாயங்காலம் பக்கத்துப் பனையேறியிடம் ஓலை வாங்கி இரண்டு பட்டை கட்டி வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் இரண்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.