நான் குரல் கொடுக்காத பந்து

இன்று காலை இட்லிச் சட்டியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. என் கை தானாக இறகுப்பந்து டப்பாவைத் தேடியது. நம் ஊர் வறண்ட காற்றில் இறகுகள் முறுகி இரண்டே அடியில் ஒடிந்துபோகும் என்று, நாம் ஆடிய காலத்தில் போட்டிக்கு முந்தின நாள் டப்பாவைத் திறந்து இட்லி ஆவியில் காட்டுவாய். "இட்லியில கோழி வாட வருதுட்டீ" என்று உன் அம்மா சத்தம் போடுவார். "அப்போ இன்னைக்குக் கறிக்கொழம்பு மிச்சம்லா" என்பாய். நீ காய்ச்சலில் போய் ஒரு மாதமாகிறது. டப்பா இல்லாமலே ஈர இறகின் வாடை அடுப்படியில் வந்து நின்றதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

நேற்று உன் மகள் போனில் பேசினாள். "ஞாயித்துக்கிழமை அம்மாவுக்கு ஜெபம் வச்சிருக்கு சித்தி. அவிய ஆடுன காலத்தப் பத்தி நீங்கதான் பேசணும். அவ்வளவு நல்லா ஆடுனவிய ஏன் விட்டாவன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது."

எனக்குத் தெரியும்.

எழுபதுகளின் கடைசி. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கரிசல் மேல் செம்மண் கொட்டி மிதித்த மைதானம். கோடையில் செம்மண்ணையும் கிழித்துக்கொண்டு வெடிப்பு மேலே வந்துவிடும். காற்று எழும்புவதற்கு முன் ஆடி முடிக்க விடியும்போதே போய்விடுவோம். நான் வலையருகே நிற்பேன், நீ பின்னால். பந்து வேகமாக வந்தால் நான் கண்ணை மூடிவிடுவேன். "ஏட்டி, பந்து ஒன்னயக் கடிச்சா தின்னுரும்? கண்ணத் தொற. பின்னால நான் நிக்கேம்லா" என்பாய். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் விளாத்திகுளம், திருநெல்வேலி, மதுரை என்று நான்கு வருடம் உன்னோடு இரட்டையர் ஆடினேன். கோப்பைகளும் வந்தன. மாநில அணியில் பெயர் வந்தால் உனக்கு ரயில்வேயில் வேலை கிடைக்கும் என்றார்கள். புதூர்ப் பக்கம் மழையை நம்பி மிளகாய் போட்டிருந்த உன் வீட்டில் எல்லோரும் அதற்காகவே காத்திருந்தார்கள்.

நமக்குள் ஒரே சட்டம்தான். நடுவில் வரும் பந்துக்கு "எனக்கு" என்று முதலில் கத்துகிறவள் அடிக்க வேண்டும், மற்றவள் விலக வேண்டும். மாநிலத் தேர்வுக்குச் சில மாதங்கள் முன்பு ஒரு விடியலில் வேறு யாரும் வரவில்லை; நாம் இருவர் மட்டும் பள்ளிச் சுவரில் அடித்துப் பழகினோம், பந்து நடுவில் உயர்ந்து வந்தது. பயத்தில் நான் கத்தவில்லை. நான் விட்டுவிட்டேன் என்று நினைத்து நீ முன்னால் வந்தாய். கடைசி நொடியில் மட்டையை வீசினேன். அதன் விளிம்பு உன் இடக்கண்ணில் பட்டது.

ரத்தம் வழிய உட்கார்ந்திருந்த நீ, ஆட்கள் ஓடிவருவதற்குள் என் கையைப் பிடித்தாய். "கருவேல முள்ளு குத்திட்டுன்னு சொல்லு. ஒங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா ஒன்ன வெளிய விடமாட்டாவ."

இடக்கண்ணில் இனி நிழல் மட்டுமே தெரியும், மற்றக் கண்ணிலும் அடிபட்டால் எதுவும் மிஞ்சாது என்று டாக்டர் சொன்னதை என்னிடம் மட்டும் சொன்னாய். மூன்றாம் மாதம் மறுபடி மட்டையை எடுத்தாய். இடப்பக்கம் வந்த எல்லாப் பந்துக்கும் தொண்டை கட்டும்வரை நானே கத்தினேன். மாநிலத் தேர்வு ஆட்டத்தில் இடப்பக்கமிருந்து குறுக்கே வந்த ஒரு பந்து உன் வலப்புருவத்தை உரசிக்கொண்டு போனது. நீ அதைப் பார்க்கவே இல்லை. "காத்து நல்லாருக்குல்லா?" என்று சிரித்தாய்.

பெயர்ப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த அம்மையாரிடம் நான் தனியாகப் போனேன். "அவளுக்கு இடது கண் தெரியாது மேடம்" என்றேன். எப்படிப் போயிற்று என்று கேட்டார். முள் குத்தியது என்றேன். அவர் உன் பெயர் மேல் ஒரு கோடு போட்டார்.

திரும்பிவரும் பஸ்ஸில் நீ சொன்னாய்: "எவளோ போட்டுக் குடுத்துட்டா ஏட்டி. கையில மட்டும் கெடச்சா!" சொல்லிவிட்டு என் தோளிலேயே தூங்கினாய். கோவில்பட்டி வரும்வரை நான் அசையவில்லை. அதற்குப் பிறகு நாம் இருவரும் மட்டையைத் தொடவில்லை.

பின்னாளில் கடம்பூரில் உன் தையல் கடைக்கு வரும்போதெல்லாம், இன்று கேட்டுவிடுவாய் என்று பயந்துகொண்டே படியேறுவேன். நீ கேட்டதில்லை. வலக்கண்ணருகே ஊசியைப் பிடித்து ஒரே முயற்சியில் நூல் கோப்பாய். அந்தக் கண்ணைக் காப்பாற்றியது நான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பயந்தது உன் கண்ணுக்காகவா, அதுவும் என் கையாலேயே போய்விடுமோ என்றா? இருபது வருடமாகியும் எனக்குத் தெரியவில்லை.

உன்னிடம் சொல்லவேண்டியதை உன் மகளிடம் சொல்லப்போகிறேன். அடித்ததும் நான், காட்டிக்கொடுத்ததும் நான். அவளுக்கு அப்படியே உன் முகம். அவள் இரண்டு கண்களாலும் என்னைப் பார்ப்பாள்.