வாரண்டி என்னுடையது, கேரண்டி உன்னுடையது

கூட்டாளி,

நேற்று காலை தம்போயில் நம் கடையைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பாலோ ஊரில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஓர் அக்கா வந்து, நாலாக மடித்த ரசீதை மேசைமேல் வைத்தார். நான் அச்சடித்த 'ஆறு மாத வாரண்டி'க்குப் பக்கத்தில், உன் கோணல் கையெழுத்தில் 'கேரண்டி'.

அந்த வார்த்தைக்காக எவ்வளவு சண்டை போட்டோம்! பழைய பிரீசர்களை வாங்கிச் சரிசெய்து விற்க ஆரம்பித்த வருடம். வாரண்டி என்றால் வேலி போட்ட நிலம்: ஆறு மாதம், கம்ப்ரஸர் மட்டும், மின்னல் அடித்தால் நம் பொறுப்பில்லை. கேரண்டிக்கு வேலியே இல்லை, சொன்னவன் தலையைக் கொடுத்த மாதிரி. படித்துப் படித்துச் சொன்னேன். நீ ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, கேலியாக என்னை முதலாளியாக்கி, "தெரியும்லா தவுக்கே. காயிதத்துல நீ வாரண்டி போட்டுக்க. வாயால நான் கேரண்டி சொல்லிக்கிறேன்" என்றாய். வாயோடு நின்றாயா? எழுதியும் கொடுத்திருக்கிறாய்.

அக்காவிடம் தேதியைக் காட்டினேன். "வாரண்டி முடிஞ்சு ரெண்டு வருசம் ஆச்சுக்கா."

"நான் வாரண்டிய கேக்கலையே தம்பி. நாளைக்குக் கல்யாண ஆர்டர். பிரீசர் நின்னுருச்சு, அறுபது கோழி உள்ள கெடக்கு, தண்ணி சொட்டுது. அவருக்குப் போன் அடிச்சா போகவே மாட்டேங்குது. ஓடுற வரைக்கும் நான் இருக்கேன்னு சொன்னாருல்ல?"

நீ போய்ச் சேர்ந்து நாலு மாதம் என்றேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நீங்கதான் வரணும். கூட்டாளிதானே?" என்றார்.

கொடுத்தவன் போனால் கேரண்டியும் போச்சு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "லாரிய எடுக்கிறேன்கா" என்று வந்தது.

எனக்கு உன் கைவேலை தெரியுமா? செடெனாக்கில் மீன் விற்கும் தம்பிக்கென்று எடுத்து வைத்திருந்த பிரீசரைத்தான் ஏற்றினேன். ஒன்றரை மணி நேரம் ஓட்டி, அறுபது கோழியையும் இந்தக் கையாலேயே மாற்றினேன். வழியெல்லாம் உன்னைத் திட்டினேன். ஆறு மாதத்தோடு முடிய வேண்டிய விஷயம்! உயிரோடு இருந்தவரை உன் வாக்கை நீயே சுமந்தாய், சரி. எனக்கு எதற்கு எழுதி வைத்துவிட்டுப் போனாய்?

திரும்பும் வழியில் செடெனாக் தம்பிக்குப் போன் போட்டேன். "எனக்குன்னு சொன்ன சாமான வேற ஆளுக்குக் கொடுத்துட்டீங்களா? உங்க கூட்டாளி இருந்திருந்தா இப்படிப் பண்ணுவாராண்ணே?" என்று கேட்டுவிட்டான்.

எப்படி இருக்கும் எனக்கு? உன் கேரண்டியால் வந்த வினை இது என்று சொல்லவும் முடியவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள வேற பிரீசர் வந்துரும் தம்பி. கேரண்டி" என்றேன்.

வாய் தவறி வந்ததில்லை, கூட்டாளி. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்த நான், தெரிந்தேதான் சொன்னேன். என்னையும் சொல்ல வைத்துவிட்டாயே, உன்மேல் கோபமெல்லாம் அதற்குத்தான்.