இரு என்றாயா, விடு என்றாயா

மார்ச் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

விசாரணை முடிந்து வீடு வந்து இருபது நாள் ஆகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. உன் அக்கா என்னை டிவிக்குப் பத்தடி தள்ளி உட்காரவைத்துப் பரீட்சை வைக்கிறாள். செய்தி வாசிப்பவர் சொன்னதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும். நேற்று ஒரு வார்த்தை தப்பாமல் சொல்லிவிட்டேன். "இதெல்லாம் கேக்குது, நான் கடைக்குப் போகச் சொன்னா மட்டும் கேக்காது" என்று எழுந்து போனாள்.

பதினொரு வருடமாக நான் மேலே கிரேன் கூண்டில், நீ கேமரா அறையில். கடலுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. உன் குரல்தான் எனக்குக் கண். கப்பலில் மற்றவர்கள் புத்தகத்தில் உள்ள சொற்களைப் பேசுவார்கள். நமக்குள் இரண்டே சொல். "இரு" என்றால் கயிற்றை நிறுத்துவேன், "விடு" என்றால் இறக்குவேன். விபத்து நடந்த அன்றைக்கு "இரு" என்று சொன்னதாக விசாரணையில் சொன்னாய். என் காதில் "விடு" என்றுதான் விழுந்தது. வால்வுக் கூடு இறங்கி, கடலடி எண்ணெய்க் கிணற்றின் வாயில் இடித்து, அதன் தூண் வளைந்து, பன்னிரண்டு நாள் வேலை கெட்டது. நண்டு என்று நாம் கூப்பிடும் ஆழ்கடல் ரோபோவின் கேமரா படத்தைப் பதிவு செய்கிறது, பேச்சைப் பதிவு செய்வதில்லை. நீ பொய் சொல்கிறவன் இல்லை. அப்படியானால் என் காதுதான் போயிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் காது டாக்டர். கேட்கவில்லை என்று அவர் எழுதிவிட்டால் என் கிரேன் லைசென்ஸ் போய்விடும். வேறு தொழில் எனக்குத் தெரியாது.

ஒன்று கேட்கிறேன். கடலடி எப்படி இருக்கும் என்று நீ ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை. இப்போது எனக்கு நேரம் இருக்கிறது. எழுது. போனில் வேண்டாம், அங்கே உன் முதுகுக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்பார்கள்.

உன் அன்பு மாமா

மார்ச் 16

அன்புள்ள மாமாவுக்கு,

சரக்குப் படகு இன்று உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்தது. அது திரும்புவதற்குள் எழுதுகிறேன்.

திரையில் முதலில் நீலம், பிறகு கருநீலம், பிறகு ஒன்றுமே இல்லை. நண்டு கீழே போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுவதும் விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைத் துகள்கள் விழுந்துகொண்டே இருக்கும், யாரோ மேலே உட்கார்ந்து மாவு சலிப்பது போல. நாம் இறங்குகிறோமா, அவை ஏறுகின்றனவா என்று தெரியாமல் கண் சொக்கிப்போகும். பிறகு மெதுவாகத் தரை வரும். கிணற்று வாய் தன்னந்தனியாக நிற்கும். பக்கத்தில் ஒரு மூக்கு நீண்ட மீன், தினமும் அதே மீன். ஒரு வேலையும் செய்யாமல் எங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மேஸ்திரி என்று பேர் வைத்திருக்கிறோம்.

நண்டின் கால் தரையில் பட்டால் புழுதி கிளம்பித் திரை முழுவதும் பாலாகிவிடும். அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அந்தப் பத்து நிமிடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், மாமா. அப்போது கப்பலும் இல்லை, ஆபீசும் இல்லை, நானும் இல்லை.

கூட்டின் தலையில் ஒரு குமிழிக் கண்ணாடி இருக்கிறது, கொத்தனாரின் ரசமட்டம் மாதிரி. குமிழி வட்டத்துக்குள் நின்றால் கூடு நேராக இருக்கிறது என்று அர்த்தம். இப்போதெல்லாம் அது கனவில் வருகிறது. கனவில் வட்டத்துக்குள் நிற்பதே இல்லை.

புது கிரேன்காரர் நல்லவர். புத்தகச் சொல் தவிர வேறு பேசமாட்டார். டாக்டரிடம் இன்னும் போகவில்லை என்றால் தள்ளிப்போடாமல் போய் வாருங்கள். வயதானால் காது கொஞ்சம் மந்தமாவது எல்லோருக்கும் உள்ளதுதான்.

உங்கள் அன்புள்ள மாப்பிள்ளை

மார்ச் 30

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நேற்று மத்தியானம் கண்ணயர்ந்தேன், மாவு விழ ஆரம்பித்துவிட்டது. மேஸ்திரி வந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவன் தேறமாட்டான் என்பதுபோலத் திரும்பிப் போனான்.

டாக்டரிடம் போய் வந்தேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்து ஹெட்செட்டை மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். மாட்டியதும் என்னையறியாமல் உன் குரலுக்குக் காத்திருந்தேன். கடைசியில் ஒரு காகிதம் கொடுத்தார். ஏப்ரல் இருபதுக்குள் ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும். இன்னும் அனுப்பவில்லை, சட்டைப் பையில்தான் இருக்கிறது. "என்ன எழுதியிருக்கு?" என்று உன் அக்கா கேட்டாள். "டாக்டர் கையெழுத்து யாருக்குப் புரியும்?" என்றேன்.

வயதானால் காது மந்தமாகும் என்று எழுதியிருந்தாய். எனக்கு நாற்பத்தாறு.

ஒரு சின்ன விஷயம். அன்றைக்குக் கேமரா அறையில் உன்னோடு வேறு யாராவது இருந்தார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

உன் அன்பு மாமா

ஏப்ரல் 13

மாமா,

இருந்தார். நம் சமையல்காரர், எனக்கு அவரோடு வா, போ பழக்கம்.

கூடு கிணற்று வாய்க்கு ஓரடி மேலே தொங்கிக்கொண்டிருந்தது. புழுதி அடங்கவில்லை, திரை பாலாகத்தான் இருந்தது. கேப்டன் தட்டைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார் என்று அவர் வந்து கண் கலங்கி நின்றார். நான் அவர் பக்கம் திரும்பி, "விடு, இதையெல்லாம் பெரிசா எடுத்துக்காத" என்றேன். உங்களோடு பேச மிதிக்கும் பெடல்மேல் என் கால் இருந்திருக்கிறது. திரும்பியதில் கால் நகர்வதற்குள் முதல் சொல் மட்டும் உங்களுக்குப் போயிருக்கிறது.

பாலுக்குள் கூடு நிழலாக இறங்குவதைப் பார்த்த பிறகுதான், பதற்றத்தில் பெடலை மிதிக்காமலே, "இரு" என்று கத்தினேன். விசாரணையில் அதை மட்டும் சொன்னேன். அதற்கு முன்னால் சொன்னதை முழுங்கிவிட்டேன். பயம்தான், மாமா. வேறு காரணம் சொன்னால் அது இன்னொரு பொய். நீங்கள் உங்கள் காதைச் சந்தேகப்பட்டு எழுதியதைப் படித்தும் உங்களுக்கு மீன் கதை எழுதினேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எல்லாவற்றையும் எழுதி நேற்று கேப்டனிடம் கொடுத்துவிட்டேன். சமையல்காரரும் கையெழுத்துப் போட்டார். ஆபீசுக்குச் செய்தி போய்விட்டது. என்னைத் திரையிலிருந்து எடுத்துவிட்டார்கள், தளத்தில் பெயின்ட் அடிக்கிறேன். உங்கள் காதுக்கு ஒன்றுமில்லை. அந்தக் காகிதத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

என்னை மன்னிப்பீர்களா?

மாப்பிள்ளை

ஏப்ரல் 27

மாப்பிள்ளைக்கு,

டாக்டர் தெளிவாகத்தான் எழுதியிருந்தார். இருபது வயதுப் பையனுக்கு இருக்கிற காதாம் எனக்கு. அதைப் படித்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் உன்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். நீயாகச் சொல்லட்டும் என்று காகிதத்தை அனுப்பாமல் காத்திருந்தேன். சொன்னாய். அதில் எனக்கு நிம்மதி.

உன் அக்கா ஒரு நாள் அழுதாள், ஒரு நாள் திட்டினாள், மூன்றாம் நாள் உன் அறையைப் பெருக்கித் துடைத்தாள். லீவில் நேராக வீட்டுக்கு வா. சாப்பிடு, வேண்டிய மட்டும் தூங்கு. நான் முகத்தைத் திருப்பமாட்டேன். மன்னிப்பு கேட்டாயே, அது எப்போதோ ஆகிவிட்டது.

காகிதம் நாள் தவறாமல் போய்ச் சேர்ந்தது, ஆபீசில் கூப்பிட்டார்கள். மே பத்தாம் தேதி கப்பல் ஏறுகிறேன். உன்னை ஆறு மாதம் கழித்துத் திரைக்கு எடுப்பார்களாம். நான் சம்மதித்தால் பழையபடி நம் இருவரையும் ஜோடியாகவே போடுகிறோம் என்றார்கள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கோபம் இல்லை, நம்பு. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, லீவரில் கை வைத்திருப்பதாக நினைத்துப் பார்த்தேன். நீ சொல்கிறாய், தெளிவாகக் கேட்கிறது. ஆனால் என் கை நகரவில்லை. இவன் என்னிடம்தான் பேசுகிறானா என்று ஒரு கேள்வி. முப்பது டன் இரும்பு தொங்கும்போது அந்தக் கேள்வி வரக் கூடாது, மாப்பிள்ளை.

உன் மாமா