தரையோடு தவழும் ஆவியும் உத்தரத்தில் தொங்கும் கருவியும்

அனுப்புநர்:
மிரேய் காஸ்தெல்,
அளவுமானிப் பணியாளர், பெல்காம் மலர்ச்சாறு ஆலை,
9, ஊற்றுத் தெரு, சேன்-வலாந்த்,
கிராஸ் வட்டாரம்.

பெறுநர்:
ஆலைப் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்,
நீஸ்.

பொருள்: ரோஜாப் பருவம் தொடங்கும் 12.05.2025 திங்கட்கிழமைக்கு முன், எங்கள் ஆலையின் கரைப்பான் கண்காணிப்பை நேரில் வந்து சோதிக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கடந்த ஓராண்டில் ஹெக்சேன் நாற்றம் அடிக்கிறது என்று தீயணைப்புப் படையை மூன்று முறை அழைத்தவள் நான்தான். ஒரு முறை ரொட்டிக் கடைக்கு, ஒரு முறை தேவாலயத்துக்கு, ஒரு முறை என் சொந்த வீட்டுக்கு. மூன்று இடங்களிலும் ஒன்றுமில்லை. மூன்றாம் முறை வந்த வீரர் என் தோளைத் தட்டி, "போய்த் தூங்குங்கம்மா" என்றார். இந்த மனுவையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்து ஒதுக்கிவிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

2. எங்கள் ஆலையில் பூவிலிருந்து மணத்தைப் பிரிக்க ஹெக்சேன் என்னும் கரைப்பான் பயன்படுகிறது; பெட்ரோலைப் போல ஒரு பொறியிலேயே தீப்பிடிக்கும். அது மூடிய சுற்றில் ஓட வேண்டும். தொட்டியிலிருந்து கிளம்பி, பூ நிறைந்த அண்டாவுக்குள் போய், கடைசியில் நீராவியில் ஆவியாகி, குளிர்விப்பானில் மறுபடி திரவமாகித் தொட்டிக்கே திரும்ப வேண்டும். போனது முழுவதும் வந்ததா என்று கண்ணாடி அளவுமானியில் பார்த்து எழுதுவது என் வேலை. பத்தொன்பது ஆண்டுகளாக இதைத்தான் செய்கிறேன்.

3. காற்றில் ஆவி கசிந்தால் கூவுவதற்கு ஒரு கருவியும் உண்டு. ஹெக்சேன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். எனவே கருவி முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும். அங்கேதான் இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் அத்தர் பூசாமல் வேலைக்கு வருபவர் யார்? அத்தரில் உள்ள சாராயத்துக்கும் கருவி கூவும். சட்டையில் மாதிரி அத்தரைத் தெளித்துக்கொண்டு விற்பனைக்காரர்கள் கடந்து போகும்போதெல்லாம் கூவியது. தலைவலி பொறுக்காமல் அதைக் கழற்றிக் கதவுக்கு மேல் உத்தரத்தில் மாட்டினார்கள். பிறகு அது கூவவே இல்லை. கருவி திருந்திவிட்டது என்று எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

4. கருவிக்குப் பதில் எங்களுக்கு மூக்கு இருந்தது. அண்டா மூடியை ஒரு விரற்கடை தூக்கி, பணித்தலைவர் முகர்வார். அடுத்து இன்னொருவர் முகர்வார். இருவரும் "ரோஜா" என்றால், அதாவது ஹெக்சேன் வாடை இல்லை என்றால், மூடி திறக்கப்படும். இது எங்கள் பெருமை. கருவியைப் பார்த்துவிட்டுத் திறப்பவனை இந்த ஊரில் கசாப்புக்காரன் என்று கேலி செய்வார்கள்.

5. 16.05.2024 அன்று வெயில் கடுமை. குளிர்விப்பானுக்கு வந்த தண்ணீரே வெதுவெதுப்பாக இருந்தது; அதில் ஆவி முழுவதும் திரவமாகாது. உள்ளே போனது 1,200 லிட்டர். திரும்பி வந்தது 1,140. பணித்தலைவர் ஒனோரே இஸ்னாரிடம் சொன்னேன். "ரோஜா ஈரமா இருக்கு மிரேய், அதுல கொஞ்சம் தங்கியிருக்கும். வெளியில இன்னும் நூறு மூட்டை வாடிக்கிட்டு கெடக்கு" என்றார். மூடியைத் தூக்கி முகர்ந்தார். என்னைப் பார்த்து, "நீ சொல்லு" என்றார். காலையிலிருந்து அந்த அறையிலேயே நின்று என் மூக்கு மரத்துப் போயிருந்ததை நான் உணரவில்லை. "ரோஜாதான் அண்ணே" என்றேன்.

6. மூடி திறந்ததும் ஆவி தரையோடு வழிந்து, அடுத்த அறை மின்விசிறியின் மோட்டாரைத் தொட்டது. ஒரே பொறியில் தரை முழுவதும் தீப்பற்றியது. நான் படிக்கட்டின் மேல் நின்றதால் பிழைத்தேன். அவர் கீழே நின்றார். மூன்றாம் நாள் மருத்துவமனையில் இறந்தார். கருவி கடைசி வரை கூவவில்லை.

7. விசாரணையில் கருவி பழுது என்று எழுதப்பட்டது. அறுபது லிட்டர் குறைந்ததை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் "ரோஜா" என்றது யார் என்று அடுத்த கேள்வி வரும் என்று பயந்தேன். அன்றைய அளவுப் பதிவின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். கையெழுத்து என்னுடையது. இதற்காக என் மீது எடுக்கப்படும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்.

8. நிர்வாகம் புதுக் கருவி வாங்கியது. முறைப்படி தரையோரம் பொருத்தினார்கள். பிப்ரவரியில் மிமோசாப் பூ வந்தது, விற்பனைக்காரர்கள் வந்தார்கள், அது கூவியது. இப்போது அதுவும் உத்தரத்தில் தொங்குகிறது. மூடி முகரும் வழக்கமும் திரும்பிவிட்டது.

9. இந்தப் பருவத்துக்குப் பணித்தலைவராக ஒனோரேயின் மகள் லுசீல் நியமிக்கப்பட்டிருக்கிறாள். படித்தவள், முப்பத்தொரு வயது, கெட்டிக்காரி. கருவியைக் கீழே இறக்கச் சொல் என்று கெஞ்சினேன். "எங்கப்பா மூக்கு எனக்கு இருக்கு அத்தை. கருவிதான் அவரைக் கைவிட்டுச்சு, மூக்கு இல்ல" என்றாள். அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐயாவுக்கு எழுதுகிறேன், அவளுக்குச் சொல்ல முடியவில்லை.

10. அவளோடு முகரும் இரண்டாவது ஆளாக நிர்வாகம் என்னையே போட்டிருக்கிறது. என் மூக்கில் குறையில்லை என்கிறார் மருத்துவர். ஆனால் எனக்கு எப்போதும் ஹெக்சேன் அடிக்கிறது. காப்பியில், தலையணையில், புதிதாகப் பிறந்த பேரக்குழந்தையின் தலையில். விலகிவிடலாமே என்று ஐயா கேட்கலாம். விலகினால் என் இடத்துக்கு வரப்போவது கிடங்குப் பாஸ்கால். அவருக்கு வருடம் முழுவதும் ஜலதோஷம்.

11. எனவே, கருவியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பொருத்தவும், அத்தர் பூசியவர்களை அந்த அறைக்குள் விடாதிருக்கவும், போன கரைப்பான் முழுவதும் திரும்பி வராதவரை மூடியைத் திறக்கவே முடியாதபடி பூட்டவும் ஆணையிட வேண்டுகிறேன். என் சொல்லை நம்ப வேண்டாம். உங்கள் சொந்தக் கருவியைக் கொண்டுவந்து தரையோரம் பிடித்துப் பாருங்கள், போதும்.

12. திங்கட்கிழமை நண்பகலில் முதல் மூட்டைகள் வந்துவிடும். மாலை நான்கு மணி வாக்கில் லுசீல் மூடியை ஒரு விரற்கடை தூக்கி, முகர்ந்து, என் பக்கம் திரும்புவாள். ஹெக்சேன் என்று நான் சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. ரோஜா என்று ஒரு முறை சொல்லிவிட்டேன். அவள் என்னைக் கேட்பதற்குள் வந்துவிடுங்கள் ஐயா.

இடம்: சேன்-வலாந்த்
நாள்: 07.05.2025

தங்கள் வருகையை எதிர்பார்த்து,
(ஒப்பம்) மிரேய் காஸ்தெல்

இணைப்பு: 16.05.2024 அளவுப் பதிவு, ஒரு பக்கம்.